தயார் என்று கையெழுத்துப் போடுகிறவர்

1991-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் இலாகாவுக்குப் பெயர் ஈடிபி, அதாவது எலக்ட்ரானிக் டேட்டா ப்ராசஸிங். மவுண்ட் ரோட்டில், நந்தனத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடி. தமிழ்நாடு முழுக்கக் கிளைகள் வைத்து நகைக்கடனும் வாகனக் கடனும் கொடுக்கிற ஒரு நிதி நிறுவனம். கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அந்த மாடியிலேயே ஏசி இருந்தது இரண்டு இடத்தில்தான், எம்.டி. அறையிலும் எங்கள் அறையிலும். மாதக் கடைசியில் லைன் பிரிண்டர் ஓட ஆரம்பித்தால் சத்தம் லிஃப்ட் வரை கேட்கும். நான் கோபோல் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறவன், 25 வயது, எனக்கு மேலே இருந்தவர் தலைமைக் கணக்காளர். கம்ப்யூட்டர் என்பது வேகமாக எழுதுகிற ஒரு பேரேடு, அவ்வளவுதான், அதனால் அது கணக்குப் பிரிவுக்குக் கீழேதான் இருக்கவேண்டும் என்பது அவருடைய கருத்து, அன்றைக்கு அதில் தப்பும் இல்லை.

அப்புறம் 33 வருடம் அதே நிறுவனம். ஈடிபி ஆபீசர், சிஸ்டம்ஸ் மேனேஜர், ஜி.எம். ஐடி, கடைசியில் சிஐஓ, அதாவது தலைமைத் தகவல் அதிகாரி என்று பெயர்ப்பலகை மாறிக்கொண்டே வந்தது. 2024 மார்ச் 31-ல் ஓய்வு பெற்றேன். ஒரு நிறுவனத்தில் ஐடி தலைமை என்றால் உண்மையில் என்ன வேலை என்று பலர் கேட்டுவிட்டார்கள், பொறியியல் முடித்த பிள்ளைகள், சென்னையின் ஓஎம்ஆர் சாலை மென்பொருள் கம்பெனிகளில் பத்துப் பன்னிரண்டு வருடம் ப்ராஜெக்ட் பார்த்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள். போனில் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டு வைத்தால் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சென்னையில் ஐடி வேலை என்றால் எல்லோருக்கும் மனதில் வருவது டைடல் பார்க், சிறுசேரி, சோழிங்கநல்லூர் பக்கத்துக் கண்ணாடிக் கட்டடங்கள். எனக்குப் பெண் பார்த்த காலத்தில் டைடல் பார்க் கிடையாது, அது திறந்ததே 2000-ல்தான், ஆனாலும் "கம்ப்யூட்டர் கம்பெனியா?" என்றுதான் கேட்டார்கள். "இல்லைங்க, ஃபைனான்ஸ் கம்பெனியில கம்ப்யூட்டர் வேலை" என்று என் அப்பா விளக்கிச் சொன்னார். இந்த வித்தியாசம் சின்னதில்லை. மென்பொருளைச் செய்து விற்பது ஒரு தொழில். அதை வாங்கி, ஒரு நிறுவனத்தின் அன்றாடத்துக்குள் பொருத்தி, அது நின்றால் ஜவாப் சொல்வது வேறொரு தொழில். சிஐஓ என்பவர் இரண்டாவது பக்கத்து ஆள்.

அந்தப் பதவிப் பெயருக்கே வயது கொஞ்சம்தான். பாஸ்டன் வங்கியில் மூத்த அதிகாரியாக இருந்த வில்லியம் சினாட்டும் வில்லியம் க்ரூபரும் 1981-ல் அதைப் பற்றி எழுதிய பிறகுதான் பெயர் பரவியது. பணத்துக்கு ஒரு தலைமை அதிகாரி இருப்பது போலத் தகவலுக்கும் ஒருவர், நிர்வாகத்தின் மேல்தட்டில் வேண்டும் என்பது அவர்கள் வாதம். 1996-ல் அமெரிக்க அரசு சட்டம் போட்டுத் தன் பெரிய துறைகள் ஒவ்வொன்றிலும் சிஐஓ இருக்கவேண்டும் என்றது. எங்கள் மாதிரி இடங்களுக்கு அது வந்து சேர இன்னும் 21 வருடம் ஆனது. 2017 ஜூனில் ரிசர்வ் வங்கி, 500 கோடிக்கு மேல் சொத்துள்ள வங்கிசாரா நிதி நிறுவனங்கள் இயக்குநர் குழுவில் ஐடி வியூகக் குழு ஒன்று அமைக்கவேண்டும், தலைவர் சுயேச்சை இயக்குநராக இருக்கவேண்டும், சிஐஓவும் சிடிஓவும் (தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி) அதில் உறுப்பினராக வேண்டும் என்று உத்தரவு போட்டது. என் நாலாவது பெயர்ப்பலகை அந்த உத்தரவினால் வந்தது. சம்பளம் பெரிதாக ஏறவில்லை, ஆனால் போர்டு அறையில் எனக்கு ஒரு நாற்காலி வந்தது. அதற்கு முன்னால் என் விஷயம் வரும்போது மட்டும் கூப்பிடுவார்கள், பேசி முடித்ததும் "சரி, நீங்க போகலாம்" என்பார்கள். வெளியே வந்த பிறகு உள்ளே என்ன முடிவாயிற்று என்று ஃபைனான்ஸ் ஹெட் சொன்னால்தான் தெரியும்.

சிடிஓ என்பதையும் சிஐஓ என்பதையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். வீட்டுக்கு வெளியே விற்கிற பொருளின் தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பு சிடிஓ, வீட்டுக்குள்ளே ஓடுகிற தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பு சிஐஓ என்று வைத்துக்கொண்டால் ஓரளவுக்குச் சரியாக இருக்கும். எங்கள் போல் நடுத்தர நிறுவனங்களில் இரண்டும் ஒருவரே. மென்பொருள் பொருளையே தொழிலாகக் கொண்ட இடத்தில் அந்தத் தொழில்நுட்ப நாற்காலிக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு இங்கேயே உதாரணம் இருக்கிறது. ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பதவியை விட்டுவிட்டு முதன்மை விஞ்ஞானி என்ற பொறுப்புக்குப் போனார். ஆராய்ச்சி வேலைக்கு முழு நேரமும் தேவை என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

இதெல்லாம் பெயர் விஷயம். வேலை என்ன என்று எனக்கே முழுசாகப் புரிந்தது 2011 ஆவணியில், ஆரணியில்.

அந்த வருடம் எங்கள் பழைய கடன் மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதியதுக்கு மாறினோம். பழையது எங்கள் ஆட்களே எழுதியது, ஒவ்வொரு கிளையிலும் தனித்தனியாக ஓடும், ராத்திரி டயல்-அப்பில் தலைமை அலுவலகத்துக்குக் கணக்கு வரும். புதியது மையமாக ஒரே இடத்தில் ஓடுவது, மும்பை நிறுவனம் ஒன்று செய்து கொடுத்தது. பதினான்கு மாத வேலை. மூன்று ஒத்திகை பார்த்தோம். முதல் ஒத்திகையில் பேரேடு பொருந்தவே இல்லை, இரண்டாவதில் கொஞ்சம் தேறியது, மூன்றாவதில் மொத்தத் தொகை பைசா சுத்தமாகப் பொருந்தியது. தனித்தனிக் கணக்குகளைச் சரிபார்க்க 600 நகைக்கடன் கணக்குகளை எடுத்துக்கொண்டோம். அந்த 600-ம் சென்னை, தாம்பரம், காஞ்சிபுரம் கிளைகளிலிருந்து எடுத்தவை. ஏனென்றால் அந்தக் கிளைகளின் ஆட்கள் பக்கத்தில் இருந்தார்கள், கூப்பிட்டால் வருவார்கள். இந்த ஒரு வாக்கியத்தை எழுத இன்றைக்கும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு எம்.டி. அறையில் கூட்டம். பிசினஸ் ஹெட் தீபாவளிக்கு முன்னால் புதிய திட்டங்களை விடவேண்டும், அதற்கு இந்த மாற்றம் இப்போதே முடியவேண்டும் என்றார். மென்பொருள் நிறுவனத்தின் ஆள் தயார் என்று சொன்னார். என் டீமில் ஒரு பெண், அப்போது அவளுக்கு 27, 28 வயது இருக்கும், "சார், பகுதிப்பணம் கட்டின கணக்கு நாம போதுமான அளவு பாக்கல" என்று மதியம் என்னிடம் சொல்லியிருந்தாள். நான் கேட்டேன், ஆனால் அதை அந்த அறைக்குள் எடுத்துப் போகவில்லை. எடுத்துப் போனால் இன்னும் மூன்று வாரம் தள்ளிப்போகும், ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போட்டிருந்தோம், மறுபடி என் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவேண்டாம் என்று நினைத்தேன். எம்.டி. காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "என்ன, போடலாமா?" என்றார். போட்டேன்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு முதல் போன் ஆரணியிலிருந்து வந்தது.

நகைக்கடனில் பணம் திருப்பிக் கட்டும் விதம் ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் வைத்தவர் வட்டியும் முதலுமாக ஒரே நாளில் கட்டி மீட்டுப் போவார், இல்லையென்றால் வட்டியைக் கட்டி மாற்றி வைப்பார். ஆரணியில் பட்டு நெசவு. புடவை முடித்துக் கொடுத்துக் கூலி கைக்கு வரும்போது ஐந்நூறு, ஆயிரம் என்று கொண்டுவந்து கட்டுவார்கள். ஒரு கடனுக்குப் பதினைந்து இருபது ரசீது இருக்கும். பழைய மென்பொருள் கட்டின தேதியை வைத்து வட்டியை முதலில் கழித்து, மிச்சத்தை அசலில் வரவு வைக்கும். புதியதில் அந்தப் பகுதிப்பணம் எல்லாம் மாற்றத்தின்போது கடைசித் தேதியில் ஒரே தொகையாக வந்து உட்கார்ந்திருந்தது. அதனால் ஒவ்வொரு மாதமும் தவணை தவறியது போலக் காட்டி அபராத வட்டி ஏறிவிட்டது. மொத்த அசலும் மொத்த வரவும் சரியாகவே இருந்ததால் எங்கள் பேரேடு பொருந்தியது. தனிக் கணக்கைத் திறந்தால்தான் தப்பு தெரியும்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பழைய மென்பொருளில் கிளை மேலாளர் ஒரு பாஸ்வேர்டு போட்டால் பாக்கி இருந்தாலும் நகையை விடுவிக்கலாம். அது தணிக்கையில் பெரிய குறையாக வந்திருந்தது, ஆகவே புதியதில் அந்த வசதியை நாங்களே பெருமையோடு எடுத்திருந்தோம். பாக்கி பூஜ்யமானால்தான் பொட்டலம் லாக்கர் அறையிலிருந்து வெளியே வரும். மேலாளர் முன்னால் ஒரு அம்மா ரசீதுகளை மேஜையில் அடுக்கி வைத்துவிட்டு நிற்கிறார், அவர் கொண்டுவந்த பணம் சரியான பணம், திரை இன்னும் 4,000 சொச்சம் கேட்கிறது. வியாழக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம்.

இதையும் சொல்லவேண்டும்: மாற்றத்துக்கு நாள் குறிக்கும்போது நாங்கள் வங்கி விடுமுறைப் பட்டியலைப் பார்த்தோம், காலாண்டு முடிவைப் பார்த்தோம், மென்பொருள் நிறுவனத்து ஆட்களின் விடுப்பைக்கூடப் பார்த்தோம். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் அந்த வாரம் இரண்டு முகூர்த்தம் என்று அச்சடித்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. நகை அடகில் இருக்கிற வீட்டில் முகூர்த்தத்துக்கு முந்தைய மூன்று நாள்தான் மீட்கும் நாள். நகைக்கடன் கொடுக்கிற நிறுவனத்தின் ஐடி தலைவருக்கு அது தெரிந்திருக்கவேண்டும்.

செவ்வாய் அதிகாலை கிளம்பி ஆரணி போனேன். போய் நான் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றும் இல்லை, சென்னையில் உட்கார்ந்தே செய்திருக்கலாம், ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. அந்த அம்மா காலையிலேயே வந்து கிளைப் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு மஞ்சள் பை, அதில் ரசீதுகளை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார், தேதி வரிசையில். நான் யார் என்று மேலாளர் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். "சார், நான் ஒரு மாசம்கூடத் தவறினதில்லை. வேணா எண்ணிப் பாருங்க" என்று பையை நீட்டினார். அவர் வீட்டில் அதற்குள் பேச்சு வேறு மாதிரி ஆகியிருந்தது. நகை உண்மையில் இருக்கிறதா, இல்லை வேறெங்கேயாவது வைத்துவிட்டு அம்மா பொய் சொல்கிறாளா என்று சம்பந்தி வீட்டில் கேட்டிருக்கிறார்கள். ஒரு வரவைத் தப்பான தேதியில் போட்டதற்கு அந்த அம்மா கொடுத்த விலை அது.

ரசீதுகளை நானும் மேலாளரும் உட்கார்ந்து கையால் கூட்டினோம். பதினெட்டு ரசீது. ஒரு ரூபாய் பிசகில்லை. எம்.டி.க்குப் போன் செய்து, காகிதத்தில் என் கையெழுத்தில் விடுவிக்க அனுமதி வாங்கி, மதியம் ஒன்றரைக்குப் பொட்டலத்தைப் பிரித்து மதிப்பீட்டாளர் எடை காட்டி ஐந்து பவுன் ஆரத்தை அவர் கையில் கொடுத்தோம். அவர் திட்டவில்லை. அந்த வாரம் அப்படி 340 கணக்கு. எல்லாவற்றையும் சரிசெய்ய ஒன்பது நாள் ஆனது.

திரும்பி வரும்போது செய்யாறு தாண்டும்வரை எனக்குப் பேச்சே வரவில்லை. அதுவரை என் வேலை சர்வர், நெட்வொர்க், வெண்டர், பட்ஜெட் என்று நினைத்திருந்தேன். அதையெல்லாம் செய்ய ஆட்கள் இருந்தார்கள், என்னைவிட நன்றாகவே செய்வார்கள். வேறு யாரும் செய்ய முடியாமல் எனக்கென்றே இருந்த ஒரு வேலை, அந்த வெள்ளிக்கிழமை அறையில் "இன்னும் தயாராகவில்லை" என்று சொல்வது. சம்பளம் அதற்குத்தான் கொடுத்தார்கள். நான் அதைத்தான் செய்யவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், பிரிட்டனிலிருந்து ஒரு செய்தி படித்தேன். டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் தன் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. தரவு போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் அமைப்பு தாங்கவில்லை, 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள்ளேயே போக முடியாமல் தவித்தார்கள், முழுசாகச் சரியாக அந்த வருடம் டிசம்பர் ஆனது. வங்கிக்கு 2022 டிசம்பரில் 4 கோடியே 86 லட்சம் பவுண்டு அபராதம். அடுத்த ஏப்ரலில் அன்றைய சிஐஓ கார்லோஸ் அபார்காவுக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம். அவர் மோசடி எதுவும் செய்யவில்லை. வேலையைச் செய்த சகோதர நிறுவனம் தயார்தான் என்று சொன்னதை, அதன் பின்னால் இருந்த மற்ற சப்ளையர்கள் எல்லோரும் உண்மையிலேயே தயாரா என்று போதுமான அளவு துருவிப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டார் என்பதுதான் கண்காணிப்பு அமைப்பின் குற்றச்சாட்டு. நான் அந்த அறிக்கையை ஒரே மூச்சில் படித்தேன். இங்கே ஆரணி, அங்கே லட்சக்கணக்கானவர்கள், ஆனால் அந்தக் கூட்ட அறை ஒன்றுதான்.

வெண்டர் "தயார்" என்று சொல்வதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. பார்த்துவிட்டோம், ஓடுகிறது என்பது ஒன்று. ஓடிவிடும் என்று நம்புகிறோம் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே மின்னஞ்சல்தான் வரும். எது எது என்று கேட்டுப் பிரிப்பது சிஐஓ வேலை, அதற்கு நல்ல மனிதராக இருப்பது மட்டும் போதாது, சலிக்காமல் கேள்வி கேட்கிறவராக இருக்கவேண்டும். எந்தக் கிளை? எந்தத் தேதிக் கணக்கு? யார் உட்கார்ந்து பார்த்தது? நான் ஆரணிக்குப் பிறகு கடுமையாகிவிட்டேன் என்று சிலருக்கு வருத்தம் இருந்தது. இருக்கட்டும்.

போர்டிடம் பேசும் பாஷையும் மாறியது. முன்பெல்லாம், இங்கே சர்வர்கள் நின்றால் வேறு ஊரிலிருந்து ஓட்ட ஒரு மாற்று டேட்டா சென்டர் வேண்டும் என்று கேட்கப் போனால், எத்தனை மணி நேரத்தில் மீளலாம், எவ்வளவு தரவு இழக்கலாம் என்று ஆங்கிலச் சுருக்கெழுத்துகளோடு ஒரு படம் காட்டுவேன். மூன்று வருடம் தொடர்ந்து கேட்டேன், மூன்று வருடமும் "இதில் வருமானம் என்ன" என்று கேட்டுத் தள்ளினார்கள். 2012-ல் அதே கோரிக்கையை வேறு மாதிரி வைத்தேன். வைகாசி முகூர்த்த நாள் ஒன்றில் இந்தக் கட்டடத்தில் கரண்ட் போனால் எத்தனை ஊரில் எத்தனை பொட்டலம் வெளியே போகாது என்று கிளைவாரியாக ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு இயக்குநர், வயதானவர், பரம்பரையாக அந்தத் தொழிலில் இருந்தவர், தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். பத்து நிமிடத்தில் அனுமதி கிடைத்தது. பெங்களூரில் மாற்று இடம் 2013-ல் தயாரானது.

2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாறு ஏறியபோது எங்கள் சர்வர்கள் நாலாவது மாடியில் பத்திரமாக இருந்தன. ஜெனரேட்டரும் யுபிஎஸ் பேட்டரிகளும் பேஸ்மெண்டில் இருந்தன. சென்னையில் அன்றைக்குப் பல கட்டடங்களில் அதே கதை. விடிவதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது. பெங்களூருக்கு மாற்றவேண்டும், அதற்கு ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு வேண்டும், அது தெரிந்த இருவரில் ஒருவர் முடிச்சூரில் மொட்டை மாடியில் இருந்தார், செல்போன் எடுக்கவில்லை. இன்னொருவர் நான், என்னிடம் இருந்தது பாதி. பாதுகாப்புக்காக இரண்டு பேரிடம் பிரித்து வைத்திருந்தோம். என் வீட்டு லேண்ட்லைன் மட்டும் உயிரோடு இருந்தது. அவருடைய மைத்துனர், அவருடைய தெருவில் ஒரு கடைக்காரர், அங்கிருந்து படகில் போன ஒரு பையன் என்று சுற்றி அந்த எட்டு எழுத்து என்னிடம் வந்து சேர ஆறு மணி நேரம் ஆனது. சென்னைக் கிளைகள் அன்று திறக்கவே இல்லை, ஆனால் மதியம் இரண்டு மணிக்கு மதுரையிலும் கோயம்புத்தூரிலும் கவுண்டர் ஓடியது. அதற்குப் பிறகு அந்தப் பாஸ்வேர்டு மூடி முத்திரை வைத்த உறையில் மூன்று ஊர்களில் இருக்கிறது. பேஸ்மெண்டில் எங்களுக்கு இப்போது ஒன்றும் இல்லை.

சிஐஎஸ்ஓ விஷயத்தில் என் எண்ணம் மாறிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பேச்சில் சீசோ என்போம், தகவல் பாதுகாப்புக்குத் தலைவர். உலகில் முதல் சீசோ என்று பொதுவாகச் சொல்லப்படுகிறவர் ஸ்டீவ் காட்ஸ். 1994-ல் ரஷ்யாவில் இருந்து சிட்டி வங்கியின் பணப் பரிமாற்ற அமைப்புக்குள் புகுந்து சுமார் ஒரு கோடி டாலரை நகர்த்திவிட்டார்கள், அடுத்த வருடம் அந்தப் பதவியை உண்டாக்கி அவரைக் கொண்டுவந்தார்கள். எங்களிடம் அப்படி ஒருவரைப் போட்டபோது, அவர் எனக்குக் கீழே இல்லை, ரிஸ்க் தலைவருக்குக் கீழே என்றார்கள். என்னை நம்பவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன், ஒரு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை. வந்த இரண்டாவது மாதமே நான் வெளியிட நாள் குறித்திருந்த ஒரு செயலியை நிறுத்தினார். வெண்டர் போட்டுக் கொடுத்த ஆரம்பப் பாஸ்வேர்டு ஒரு சர்வரில் அப்படியே இருந்தது. சரி, அதை நானே கண்டுபிடித்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் 2022-ல் நடந்தது வேறு.

அந்த வருடம் ஏப்ரல் 28-ல், இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. இணையத் தாக்குதல் போன்ற சம்பவம் கவனத்துக்கு வந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்கவேண்டும், பதிவேடுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்கவேண்டும். சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை ராத்திரி, கிளை ஒன்றின் கம்ப்யூட்டரிலிருந்து தெரியாத ஒரு இடத்துக்குத் தரவு போவது போலத் தெரிந்தது. எனக்குத் தோன்றியது, முதலில் உறுதி செய்வோம், திங்கட்கிழமை பார்த்துவிட்டுச் சொல்வோம் என்பது. வீட்டில் திருட்டுப் போயிருக்குமோ என்று தோன்றினால் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டுத்தானே போலீசுக்குப் போவோம் என்று எங்கள் சீசோவிடம் வாதம் செய்தேன். அவர் கேட்கவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு அறிக்கை போய்விட்டது. பெரிய சேதம் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அவர் எனக்குக் கீழே இருந்திருந்தால் அந்த அறிக்கை போயிருக்காது, நான் நிறுத்தியிருப்பேன், நல்ல எண்ணத்தோடுதான் நிறுத்தியிருப்பேன். ஊபரில் பாதுகாப்புத் தலைவராக இருந்த ஜோ சல்லிவன், 2016-ல் நடந்த தரவுத் திருட்டை அரசிடம் மறைத்ததற்காக 2022 அக்டோபரில் குற்றவாளி என்று தீர்ப்பானது, மறு வருடம் மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை. அந்தச் செய்தியை எங்கள் சீசோதான் எனக்கு அனுப்பினார், ஒரு வார்த்தையும் சேர்க்காமல்.

2023 நவம்பர் 7-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஐடி நிர்வாக உத்தரவில் இது எழுத்திலேயே வந்துவிட்டது: சிஐஎஸ்ஓ ஐடி தலைவருக்குக் கீழே நேரடியாக இருக்கக்கூடாது, அவருக்கு வியாபார இலக்கு கொடுக்கக்கூடாது. போர்டின் ஐடி குழுவுக்குத் தலைவராக இருக்கும் சுயேச்சை இயக்குநருக்கு இந்தத் துறையில் குறைந்தது ஏழு வருட அனுபவம் வேண்டும், குழு காலாண்டுக்கு ஒரு முறையாவது கூடவேண்டும். இந்த ஏழு வருட நிபந்தனை எனக்குப் பெரிய நிம்மதி. மேஜையின் அந்தப் பக்கத்தில் ஒருவராவது, "மூன்றாவது ஒத்திகையில் எந்தக் கணக்குகளை எடுத்தீர்கள்?" என்று கேட்கத் தெரிந்தவர் இருப்பார். 2011-ல் அப்படி ஒருவர் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். உத்தரவு அமலுக்கு வந்தது 2024 ஏப்ரல் 1, நான் ஓய்வு பெற்ற மறுநாள்.

இந்தப் பதவிக்கு என்ன படிக்கவேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் சான்றிதழ்களைப் பற்றிப் பேசுவதில்லை. அவற்றில் தப்பில்லை, படியுங்கள். ஆனால் ஓஎம்ஆரில் பன்னிரண்டு வருடம் இருந்த ஒருவர் மருத்துவமனைக்கோ, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்கோ, எங்கள் மாதிரி கடன் நிறுவனத்துக்கோ ஐடி தலைவராகப் போனால் முதல் ஆறு மாதம் கவுண்டரிலும் வார்டிலும் ஷாப் ஃப்ளோரிலும் போய் நிற்கவேண்டும். ரசீது எப்படி எழுதுகிறார்கள், எந்த நாளில் கூட்டம், எந்தத் திரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். இது தெரியாமல் போர்டில் போய்ப் பேசினால் நீங்களும் வெண்டர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லுவீர்கள். சென்னையில் தொழில்நுட்பம் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் தாங்கள் எழுதிய நிரல் எந்த மேஜையில் யார் முன்னால் ஓடுகிறது என்று ஒருமுறைகூடப் பார்க்காமலே ஓய்வு பெறுகிறவர்கள் நிறையப் பேர் என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

ஆரணிக்குப் பிறகு எங்கள் ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி சேர்த்தேன். எந்தக் கிளையில், யார் முன்னிலையில், எந்தக் கணக்கைக் கையால் கூட்டிச் சரிபார்த்தது. அது காலியாக இருந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். அன்று மதியம் பகுதிப்பணத்தைப் பற்றி என்னிடம் சொன்ன அந்தப் பெண்தான் இப்போது அங்கே சிஐஓ.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழரைக்குக் கூப்பிட்டாள். காரில் இருந்தாள், பின்னால் ஹாரன் சத்தம். பழைய அமைப்பை மறுபடி மாற்றுகிறார்கள், க்ளவுடுக்கு. "சார், படிவத்துல ஆரணி வரி காலியா இருக்கு. வெண்டர் திருவள்ளூர்ல பார்த்தது போதும்ங்கறான். நான் போடலன்னு சொல்லிட்டேன். எம்.டி. சாருக்குக் கோபம், எழுந்து போயிட்டார்."

"சரிம்மா. இப்ப எங்க போற?" என்றேன்.

"வீட்டுக்குத்தான். நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு வண்டி சொல்லியிருக்கேன், ஆரணிக்கு. மேலாளர் கிட்ட நாற்பது கணக்கோட ரசீது எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன் சார்" என்றாள். பகுதிப்பணக் கணக்காகப் பார்த்து எடுக்கச் சொன்னாயா என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவளே, "எல்லாம் பார்ட் பேமென்ட்தான் சார்" என்றாள்.